திட்டத் தெரியாத டைரக்டர்

கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் என் மகன் பிரவீனை நான் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் எனக்கு அறிமுகமானார். பிரவீன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. கணக்குப் பரீட்சையில் சைபர் வாங்கியிருந்தான். அந்தத் துக்கத்தை ஆற்றிக்கொள்ளவோ என்னவோ, முன்முடிக்கு மட்டும் மஞ்சள் சாயம் அடித்துக்கொண்டு வந்து நின்றான். நானோ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து பசியோடு வந்து இறங்கியவன். சுற்றி ஆட்கள் நிற்கிறார்களே என்பதெல்லாம் அப்போது கண்ணில் படவில்லை.

"உன்ன பெத்ததுக்கு ஒரு கோழி வளத்திருக்கலாம்டா. அதுவும் முட்டைதான் போடுது, நீயும் முட்டைதான் எடுத்துகினு வர்ற. ஆனா கோழி போட்டத பொரிச்சி துன்னலாம். நீ எடுத்துகினு வர்றத இன்னா பண்றது? இதுல தலைய வேற பாரு. ஆயுத பூஜைக்கு வண்டில சொருகுன சாமந்தி மாரி."

ஒரு கை என் தோளைத் தொட்டது. கட்டம் போட்ட சட்டை, நான்கு நாள் தாடி, ஒரு காதில் மட்டும் மாட்டிய கண்ணாடி. இன்னொரு காதுக்கான கம்பி உடைந்திருந்தது.

"அண்ணாத்தே, இப்ப இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

பையனுக்குப் பரிந்துகொண்டு சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, "எம் புள்ள, நான் திட்டுறேன். உனக்கு இன்னா?" என்றேன்.

"ஐய, திட்டுங்க. நல்லா திட்டுங்க. நான் கோழிலேந்து கேக்குறேன், அவ்ளதான்."

பிரவீன்தான் அவரை அடையாளம் கண்டு, என் காதில் கிசுகிசுத்தான். பிளஸ் டூ பசங்களை வைத்துச் சிரிப்புப் படம் எடுத்து, அந்த ஒரே படத்தில் ஊரையே பேச வைத்த டைரக்டர் அவர். கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். முதல் படம் ஓடிய பிறகும் கோடம்பாக்கம் பக்கம் போகாமல் அங்கேயேதான் இருந்தார்.

அடுத்த மாதமே நான் நடிகனாகிவிட்டேன். அவருடைய இரண்டாவது படத்தில் கதாநாயகனின் அப்பா நான். வேலை ஒன்றே ஒன்றுதான், மகனைத் திட்டுவது. எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் கிடையாது. "உங்க பையன் எதுத்தாப்ல நிக்கிறான்னு நெனச்சிக்கோங்க" என்பார். உண்மையிலேயே பிரவீனைக் கூட்டிவந்து கேமராவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார். அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

யார் எதைச் சொன்னாலும், அதில் கொஞ்சம் உப்பும் புளிப்பும் இருந்தால், அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்வது, இதுதான் அவர். குறித்துக்கொள்ள மாட்டார். ரெக்கார்டு செய்யவும் மாட்டார். மெஷினைப் பார்த்தால் பேச்சு தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நிற்கும் என்பார். இரண்டாவது தடவை கேட்கும்போது அவர் உதடு சத்தமில்லாமல் கூடவே அசையும். அசைந்து முடிந்தால் அந்த வார்த்தை அவர் பெட்டிக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

இடம், பொருள், ஏவல் எதுவும் அவருக்குக் கிடையாது. அவருடைய மாமா இறந்தபோது நானும் போயிருந்தேன். சடலம் கூடத்தில் கிடக்கிறது. ஜெபம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மாமாவின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா பென்ஷன் ஏத்திருப்பாங்களே, அதுக்குள்ள இன்னா அவசரம்னு ஆட்டோ புட்ச்சி போற மாரி போய்ட்டியே" என்று ஒப்பாரி. டைரக்டர் மெதுவாக அந்த அம்மாள் பக்கத்தில் போய் மண்டியிட்டார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"அத்த, அந்த ஆட்டோ... இன்னொரு தபா."

அந்த அம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு இன்னொரு தடவை அழுதார். இரண்டாவது தடவை, ஆட்டோக்காரன் மீட்டர் போடாததும் சேர்ந்துகொண்டது.

அவர் மனைவி மேரியக்காவுக்கு இது பழகிப்போயிருந்தது. அடுப்படியில் கோபம் வந்து அவரை ஏதாவது சொல்வார். சொல்லி முடித்த கையோடு, "திரும்ப எல்லாம் சொல்ல மாட்டேன். வேணும்னா காசு குடுத்து யாரனா திட்டச் சொல்லிக் கேட்டுக்கோ" என்று கதவைச் சாத்திவிடுவார். டைரக்டர் கதவுக்கு வெளியே நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் படப்பிடிப்பில் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமே கேட்டேன், ஏன் இப்படி என்று. அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். அவருடைய அப்பா ஆவடியில் ஒரு ஃபேக்டரியில் வாட்ச்மேன். வருஷம் முழுக்க ராத்திரி டியூட்டி. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தாலும் கிசுகிசுப்பாகத்தான் பேச வேண்டும்.

"எங்க ஊட்ல குக்கர் கூட விசில் வுட பயப்படும் அண்ணாத்தே. எங்கப்பா என்ன ஒரு தபா கூட திட்டினது இல்ல. முழிச்சிக்கினு இருந்தாதான திட்றதுக்கு? பக்கத்து ஊட்ல ஒருத்தர் அவர் புள்ளைய திட்டுவார் பாரு, நான் செவுத்துல காத வச்சிக் கேப்பேன். எனக்கு அதான் ரேடியோ."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

படம் வந்து, அந்தக் கோழித் திட்டோடு நன்றாக ஓடியது. எனக்குத்தான் சனி பிடித்தது. எஸ்டேட்டில் நான் செக் பண்ணி ஒதுக்க வேண்டிய உதிரிப் பாகங்களைக் கூட வேலை செய்பவர்கள் கொண்டுவந்து, "அண்ணே, இத கோழி ஸ்டைல்ல ஒரு வார்த்த திட்டிட்டு ஒதுக்குங்கண்ணே" என்றார்கள். கல்யாண மண்டபங்களில் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தி, செல்போனை நீட்டினார்கள். திட்டு வாங்கிய பிள்ளைகள் தேங்க்ஸ் அங்கிள் என்று கைகொடுத்துவிட்டுப் போயின.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பிரவீன் மறுபடியும் ஃபெயிலாகி வந்தான். நான் மூச்சை இழுத்து ஆரம்பித்தேன். அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "நைனா, இது படத்துல வந்துட்ச்சி. வேற புதுசா எதுனா சொல்லு" என்றான். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஒரு தகப்பனுக்கு இருந்த ஒரே ஆயுதத்தையும் அந்த மனுஷன் ஊர்ச்சொத்தாக்கிவிட்டார்.

ஆனால் எனக்கு நடந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அவர் மகள் ஜெனிக்கு நடந்ததுதான் பெரிது.

ஜெனி அப்போது பத்தாவது. டியூஷனில் ஒரு பையனைப் பார்த்து மனது தடுமாறியதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நம்பிச் சொன்னது. "அவன் பாத்தா வயித்துக்குள்ள லிஃப்ட் எறங்குற மாதிரி இருக்கும்மா. எந்த மாடியில நிக்கும்னே தெரியல." டைரக்டர் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லாமல் அவர் எடுத்துக்கொண்ட ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே படத்தில் கதாநாயகி அதைச் சொன்னபோது தியேட்டரே எழுந்து கத்தியது. ஆட்டோ பின்பக்கமெல்லாம் 'எந்த மாடி?' என்று எழுதினார்கள். ஜெனி தன் இரண்டு தோழிகளிடம் அதே வார்த்தையை முன்பே சொல்லியிருந்தாள். அவர்களுக்குப் புரிந்தது. பிறகு வகுப்புக்குப் புரிந்தது. கடைசியில் அந்தப் பையனுக்கும் புரிந்து, அவன் வேறு டியூஷனுக்கு மாறிவிட்டான்.

அன்றிலிருந்து அப்பாவிடம் ஜெனி பேசிய பேச்சு மூன்றே விதம். "ம்." "சரி." "அம்மாகிட்ட கேளு." அவர் வீட்டுக்குள் வந்தால் நடுவாக்கியத்தில் பேச்சு நிற்கும். டிவி மட்டும் பேசும். ஊரில் உள்ள விடலைப் பிள்ளைகளின் மனதையெல்லாம் அறிந்தவர் என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்தப் பத்திரிகையை அவர் வீட்டு விடலைப் பெண் கடலைத்தோல் உரித்துப் போடத்தான் பயன்படுத்தினாள். நான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவது படத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தார். எழுத வரவில்லை. பசங்க பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோவில் போய்ப்போய் வந்தார். ஒரு தடவை துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். யூனிஃபார்மில் நாலைந்து பையன்கள் ஏறினார்கள். ஏறும்வரை அரட்டை. அவரைப் பார்த்ததும் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் கழுத்தைச் சாய்த்து இன்னொருவனிடம், "மச்சான், வயித்துக்குள்ள லிஃப்ட் எறங்குதுடா" என்றான். அடுத்தவன், "கோழி வளத்திருக்கலாம்டா" என்றான். கரையான்சாவடி வரும்வரை அவர் படத்தை அவருக்கே பேசிக் காட்டினார்கள். அவர் உதடு அசையவே இல்லை.

இறங்கியதும், "பசங்க இப்பல்லாம் ரொம்ப சினிமாத்தனமா பேசுதுங்க அண்ணாத்தே" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மதியம் எஸ்டேட்டுக்குப் போன் செய்தார். குரலே சரியில்லை.

"ஸ்கூல்லேந்து கூப்டுக்கீறாங்க. ஜெனி ஒரு பையன் தலையில சாம்பார் சாதத்த கவுத்துட்டாளாம். நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

"நான் வந்து இன்னா பண்ணப் போறேன்?"

"எனக்கு திட்ட வராதே அண்ணாத்தே. நீங்க வந்து அவள நாலு வார்த்த திட்டணும்."

பெர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். தலைமையாசிரியை அறையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தலையைத் துடைத்திருந்தார்கள். காது மடலுக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெனி ஜன்னலோரம் கைகட்டி நின்றாள். பன்னிரண்டாவது வந்திருந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் அப்படியே நிற்பவள் போல இருந்தாள்.

தலைமையாசிரியை என்னை நேராகப் பார்த்தார்.

"வாங்க. நீங்கதானே அப்பா? உங்க முகம் நல்லா ஞாபகம் இருக்கு. வீட்ல பொண்ணுக்கு என்ன சார் சொல்லிக் குடுக்கறீங்க? சாப்பாட்ட எதுக்குக் குடுத்து அனுப்புறீங்க, சாப்பிடவா, அபிஷேகம் பண்ணவா? பெத்தவங்க வீட்ல கண்டிச்சிருந்தா நான் எதுக்கு இங்க கறிவேப்பில பொறுக்கிட்டு இருக்கேன்?"

உண்மையான அப்பா என் பின்னால் நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அபிஷேகம் என்ற சொல்லுக்கு அவர் உதடு அசையத் தொடங்கியிருந்தது. ஜெனியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியையை அல்ல, அப்பாவின் உதட்டை. அவள் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். சட்டென்று கையை எடுத்து, கொட்டாவியை மறைப்பவர் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்துப் பேச வேண்டியது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. கூப்பிட்டது அதற்குத்தானே. "இன்னாம்மா ஜெனி, சாம்பார்னா சோத்துல ஊத்தணும், அடுத்தவன் சொட்டையில..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பையனுக்குச் சொட்டையெல்லாம் இல்லை. பழக்கதோஷம்.

"அங்கிள், நீங்க சும்மா இருங்க" என்றாள் ஜெனி. பிறகு தலைமையாசிரியையிடம், "மேடம், இவர் படத்துல அப்பா. எங்கப்பா அவரு" என்று கைகாட்டினாள்.

தலைமையாசிரியை எழுந்து நின்றுவிட்டார். அவரை எப்படி வரவேற்பது, திட்டின திட்டை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். டைரக்டர் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"மேடம், எதுக்கு கொட்டினான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். வாயத் தொறக்க மாட்டேங்கறா. இவன்தான் சொன்னான். தினம் லஞ்ச்ல உங்க படத்துல வர்ற அந்த டயலாக், எந்த மாடின்னு கேப்பானாம். விளையாட்டுக்குக் கேட்டேங்கறான்."

"அந்த டயலாக் நான் எழுதுனது இல்ல மேடம்."

தலைமையாசிரியையின் கை பேப்பர் வெயிட்டை விட்டது.

"எம் பொண்ணு அவங்கம்மாகிட்ட தனியா சொன்னது. நான் கதவாண்ட நின்னு கேட்டு எடுத்துக்கினேன். அவள ஒரு வார்த்த கேக்கல. படம் ஓடினப்புறம் கேக்கவும் தைரியம் இல்ல. இந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த சாம்பார் எந் தலையில கொட்ட வேண்டியது மேடம். ரெண்டு வருசமா சூடா வச்சிக்கினு இருந்தா, இவன் குறுக்க வந்துட்டான். சஸ்பெண்ட் பண்றதா இருந்தா என்ன பண்ணுங்க."

"உங்கள எப்பிடி சார் நான் சஸ்பெண்ட் பண்றது" என்றார் தலைமையாசிரியை. அவர் உண்மையாகவே யோசித்த மாதிரி இருந்தது.

அந்தப் பையன் மெல்ல எழுந்தான். "சார், அப்ப அது நீங்க எழுதலயா?" என்றான், ஏமாந்துபோன குரலில். பிறகு ஜெனியைப் பார்த்து, "சாரி. எனக்கு நெஜமா தெரியாது" என்றான். ஜெனி அவனிடம் தன் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள். அவன் கறிவேப்பிலையைத் தடவி எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

ஒரு வாரத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பாட்டு அறையைப் பெருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வந்து அவருடைய பழைய காரில் ஏறினோம். ஜெனி முன் சீட்டில் உட்கார்ந்தாள். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும், பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேடினாள். கள்ளிக்குப்பம் பக்கத்தில்தான் இருந்தது. "அங்கிள அவங்க வீட்ல விட்டுட்டு வரலாம்" என்றாள். என் வீடு நசரத்பேட்டையில். ஊரையே சுற்ற வேண்டும். அவர் வண்டியைத் திருப்பினார்.

திருமுல்லைவாயல் தாண்டியதும் பேச ஆரம்பித்தாள். முதலில் சாம்பாரைப் பற்றி. அப்புறம் தோழிகளைப் பற்றி, வாத்தியார்களைப் பற்றி, டியூஷன் மாறிப்போன அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்பது பற்றி. இரண்டு வருஷத்துப் பேச்சு மொத்தமாக வந்தது. திட்டுவதில் பெயர் வாங்கியவன் நான், சிரிக்க வைப்பதில் பெயர் வாங்கியவர் அவர். எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பெண் தூக்கிச் சாப்பிட்டாள். ஆவடி சிக்னலில் எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டைரக்டர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து கண்ணாடியில் அவர் உதட்டையே கவனித்தேன். அது அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சிரித்ததால் வந்ததா, வேறா என்று எனக்குத் தெரியாது. பூந்தமல்லி நெரிசலில் மாட்டியபோது முதல்முறையாக நெரிசல் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று நினைத்தேன்.

அந்த வழியில் அவள் சொன்னதில் பாதியை வைத்தே மூன்றாவது படத்தை எடுத்திருக்கலாம். தயாரிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரம். படப்பிடிப்பில் ஒரு காட்சி எழும்பாமல் கிடந்தபோது நான் பொறுக்கமாட்டாமல் அவரிடம் போனேன்.

"டைரக்டரே, அன்னிக்கு கார்ல ஜெனி அந்த பயாலஜி வாத்தியாரப் பத்தி ஒண்ணு சொல்லிச்சே. அது மட்டும் இங்க வச்சா..."

"இன்னா சொன்னா? எனக்கு ஒண்ணும் கேக்கல அண்ணாத்தே. நான் ரோட்ட பாத்துக்கினு இருந்தேன்."

படம் வந்தது. ஆவடியில் ஒரு தியேட்டரில் மதியக் காட்சிக்கு அவரும் ஜெனியும் நானும் போனோம். பாதிக்கு மேல் காலி இருக்கைகள். திரையில் நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. எங்களுக்குப் பின் வரிசையில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன், "மொக்கடா மாமே. அந்தாளுக்கு சரக்கு தீந்துட்ச்சி" என்று சத்தமாகச் சொன்னான்.

டைரக்டர் நிமிராமல் உட்கார்ந்திருந்தார். ஜெனி எழுந்து, சீட்டின் மேல் முழங்கால் போட்டுப் பின்பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, படம் மொக்கதான். நானும் அதத்தான் சொன்னேன். ஆனா எங்கப்பா எடுத்தது, பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்காரு. கொஞ்சம் மெதுவா திட்டுங்க."

இடைவேளை விளக்கு போட்டார்கள். நான் பயந்துகொண்டே அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளிவிழா மேடையில் மாலையோடு நிற்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.